ஃப்ளோரன்ஸில் மூன்று கப்பல்கள்

பதினோராவது விடைத்தாளிலும் கப்பல்கள் வந்து நின்றன. சிவசைலம் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு மறுபடியும் திறந்தார். ஃப்ளோரன்ஸ் துறைமுகத்தில் கம்பளி ஏற்றி நின்ற தன் மூன்று கப்பல்களையும் ஒரே ஒரு கிரேக்க நூலுக்காக விற்றுவிட்டு, பெர்னார்டோ என்ற வியாபாரி அந்த நூலை மார்போடு அணைத்தபடி வீட்டுக்கு நடந்து போனான். ஒன்பதாவது தாளில் ஏழு கப்பல்கள். ஆறாவதில் எண்ணிக்கை மறந்துபோய் 'ஏராளமான கப்பல்கள்'. நான்காவதில் கப்பலோடு சேர்த்து மனைவியின் நகைகளையும் விற்றிருந்தான். எல்லாவற்றுக்கும் சிவசைலம் டிக் அடித்து ஓரத்தில் இரண்டு என்று போட்டிருந்தார். விடைக்குறிப்பில் அப்படித்தான் இருந்தது. பதினேழாவது கேள்வி, மறுமலர்ச்சியின் காரணங்களையும் விளைவுகளையும் விவரி, பத்து மதிப்பெண். அதில் வணிகர்களின் ஆதரவு, அடைப்புக்குறிக்குள் பெர்னார்டோ, மூன்று கப்பல், கிரேக்க நூல், இரண்டு மதிப்பெண். மத்தியானச் சாப்பாட்டுச் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய் நார் ஒன்று வலது பக்கக் கடைவாயில், கட்டுப்பல்லுக்கும் சொந்தப் பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. நாக்கு அங்கே போய்த் தள்ளிப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. பிறகு போக வேண்டாம் என்று அவர் நினைத்த அந்த நொடியிலேயே மறுபடி போனது. பக்கத்து நாற்காலியில் ஞானதிரவியம் வலது கைப் பெருவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கித் தாளைத் திருப்பினார். ஒரு தாளுக்கு இருபது முறை. கல்லூரி வேறானாலும் பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு திருத்தும் முகாமிலும் சிவசைலத்துக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்து அந்தப் பெருவிரலை நக்கிக்கொண்டிருக்கிறார். விரல் நனைக்க என்று ஒவ்வொரு மேஜையிலும் பஞ்சு வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்திருக்கிறார்கள். அதில் மே மாதத்துத் தண்ணீர் சிவப்பு மை கலந்து ரோஸ் நிறமாகி, யாரோ பல் பிடுங்கிக்கொண்டு கொப்பளித்தது மாதிரி இருந்தது. அதைத் தொடுவதற்கு நாக்கே தேவலை என்று ஞானதிரவியம் நினைத்திருக்கலாம். ஆனால் இந்தத் தாள்கள் எங்கெங்கோ கிடந்து வந்தவை. ஒன்றில் தேங்காய் எண்ணெய்க் கறை, ஒன்றில் வியர்வையில் ஊறி வீங்கிய மூலை, ஒன்றில் இரண்டு பக்கங்களுக்கு நடுவே நசுங்கிய கொசுவும் அதன் வயிற்றிலிருந்து வந்த ரத்தப் பொட்டும். அதை எழுதிய பிள்ளையின் ரத்தமாகத்தான் இருக்க வேண்டும். அதையெல்லாம் ஞானதிரவியம் துளித்துளியாக விழுங்கிக்கொண்டிருக்கிறார், இரவு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு நன்றாகத் தூங்குவார்.

மறுமலர்ச்சி என்றால் மீண்டும் பிறத்தல் என்று பொருள். பதினோரு பேரும் அப்படித்தான் ஆரம்பித்திருந்தார்கள். இருண்ட காலம் என்னும் இரவு நீங்கி அறிவு என்னும் சூரியன் இத்தாலியின் கீழ்வானில் உதித்தான். அந்த வாக்கியத்தைப் பார்க்கும்போது சிவசைலத்துக்குத் தன் பழைய வாந்தியைத் தெருவில் பார்த்தது மாதிரி இருக்கும். இன்னும் காயவில்லை, சோற்றுப் பருக்கை தெரிகிறது, இன்ன பருக்கை என்று சொல்லவும் முடிகிறது. கீழ்வானம் என்று அவர் எழுதியது மதுரையில், தேர்வுக் கைடு போடுகிற ஒரு பதிப்பகத்தின் பின்னறையில், பசை காய்ச்சுகிற வாடைக்கு நடுவில், ஒன்பது நாளில். அப்போது அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கைடின் அட்டையில் 'அனுபவம் வாய்ந்த பேராசிரியர் குழு' என்று போட்டார்கள். குழு என்பது அவர் ஒருவர்தான், வயது இருபத்தொன்பது, அனுபவம் ஒன்றரை வருஷம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அச்சுக்கூடத்து ஃபோர்மேன் வந்து நின்று, அச்சுக்குப் போகிற கடைசி ஃபாரத்தில் ஒரு பத்தி காலியாகக் கிடக்கிறது, வெள்ளையாக விட்டால் முதலாளி கத்துவார் என்றான். "பெருசா ஒண்ணும் வேணாம் சார். கதை மாதிரி ஏதாச்சும். பிள்ளைகளுக்கு மனசுல நிக்கணும், அம்புட்டுதேன்." ஜன்னலுக்கு வெளியே அந்த வெயிலில் ஒருவன் தோள் நிறையக் கம்பளி போட்டுக்கொண்டு விற்றுப் போனான். மதுரையில் சித்திரை மாதத்தில் கம்பளி. யார் வாங்குவார்கள் என்று சிவசைலம் பரிதாபப்பட்டது நினைவிருக்கிறது. பரிதாபம் தீர்வதற்குள் பேனா ஓடிவிட்டது. ஃபோர்மேன் வாசித்துவிட்டு, "ரொம்ப ஜோர் சார், ஒரு பொஸ்தகத்துக்கு மூணு கப்பலா, கிறுக்குப் பய" என்று சிரித்தான். அந்த அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுச் சாலை வரைபடம்.

அது ஒரு பத்தி. காலியாகக் கிடந்த இடத்துக்கு ஒரு பத்தி. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம். நாக்கு நாரிடம் போனது. முதல் பதிப்பில் வியாபாரிக்குப் பெயரில்லை, இது சிவசைலத்துக்கு நிச்சயமாகத் தெரியும், பெயர் வைக்கிற அளவுக்கு அன்றைக்கு இடமில்லை. பிறகு ஏதோ ஒரு வருஷம் பெர்னார்டோ என்று வந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. தன் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் வேறு பெயரோடு வாசலில் வந்து நிற்கிற மாதிரி, அதைவிட மோசமாக, பெற்றதே மறந்துபோன பிள்ளை வந்து நிற்கிற மாதிரி. ஏழு கப்பல் என்பது எதிர்க் கடைக்காரன் காப்பியடித்துப் போட்ட கைடு, மூன்றைவிட ஏழு பெரியது என்று போட்டிருப்பான். ஏழு கப்பல் எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்த வருஷத்தையும் 1435 என்று தப்பாகவே எழுதுவார்கள். மூன்று கப்பல் எழுதுகிறவர்கள் 1453 என்று சரியாக எழுதுவார்கள். எண்ணை மறைத்துவிட்டு வருஷத்தை மட்டும் காட்டினால்கூட எந்தக் கைடு, எந்தப் பதிப்பு என்று சிவசைலத்தால் சொல்ல முடியும். ஃப்ளோரன்ஸில் அந்தக் காலத்து அறிஞர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒரே நூலின் பத்து ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, எந்த இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரே பிழை இருந்தால் ஒரே தாய். பிழையைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து நடந்து, எழுதியவன் கை வரைக்கும் போய்விடலாம். ஊற்றுக்குப் போ என்பதுதான் அவர்கள் மந்திரம். சிவசைலம் இந்த மத்தியானம் கூலிக்குத் தாள் திருத்துகிற சாக்கில் ஊற்று வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டார். அங்கே ஒரு கட்டுப்பல்லும் ஒரு முருங்கை நாரும் உட்கார்ந்திருந்தன.

"என்னவே, ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு இம்புட்டு நேரம் தியானம் பண்ணுதீரு" என்றார் ஞானதிரவியம். "நான் பதினெட்டு முடிச்சிட்டேன்."

"வாசிச்சுப் பாத்துப் போடணும்லா."

"எதை வாசிக்கேரு? எல்லாவனும் ஒண்ணைத்தானே எழுதியிருக்கான். ஒருத்தனை வாசிச்சா ஊரை வாசிச்ச மாதிரி. நான் கப்பல் வருதான்னு மட்டும் பாப்பேன். கப்பல் வந்துட்டுன்னா ஆறு. வரலைன்னா மூணு." பெருவிரல் நாக்குக்குப் போனது. "இந்தக் கப்பலு இல்லைன்னா நம்ம பிள்ளையளு கரையேறவே முடியாது வே."

அவர் சிரித்தபோது வாயோரத்தில் வெள்ளையாக எச்சில் கட்டியிருந்தது. சிவசைலம் பார்வையைத் திருப்பிப் பன்னிரண்டாவது தாளை எடுத்தார். மேலே பிள்ளையார் சுழி போட்டு, அது கூடாது என்று நினைவு வந்து அடித்திருந்தது. இடதுபக்கமாகச் சாய்ந்த கையெழுத்து. பெண்பிள்ளையா பையனா என்று கண்டுபிடிக்க முடியாது, பெயர் இருந்த இடத்தைக் கிழித்து எடுத்துவிட்டுப் போலி எண் ஒன்றைப் போட்டிருப்பார்கள், எண்ணுக்கு ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. சுமாரான பிள்ளை. இரண்டு மார்க் கேள்விகளில் பாதி தப்பு. போப்பாண்டவருக்கும் பேரரசருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து மார்க் கேள்விகளில் புவியியல் கண்டுபிடிப்புகளைப் பற்றியது நாலே வரியில் பாதியில் நின்றது, கடைசி வரி கீழே வழுக்கியிருந்தது, மணி அடித்துத் தாளைப் பிடுங்கியிருப்பார்கள். ஒன்று போட்டார். கடைசியில் எழுதியது அது, ஆகவே நேரம் எங்கே போனது என்று முன்னால் புரட்டினார். பதினேழில் போயிருந்தது. அதில் மறுமலர்ச்சி என்றால் மீண்டும் பிறத்தல் என்று ஆரம்பிக்கவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது, பழகிய படியில் ஒரு படி குறைந்த மாதிரி. கிரேக்க நூல்களைச் சுமந்துகொண்டு ஓடிவந்த அறிஞர்கள், அச்சு எந்திரம், ஓவியர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்து உடம்பு வரையக் கற்றது, எல்லாம் கோணல்மாணலாக, ஆனால் சொந்த வாக்கியத்தில். அதற்கு நடுவில், வியாபாரி வரவேண்டிய இடத்தில், முக்கால் பக்கம் இது இருந்தது:

"இந்த இடத்தில் பெர்னார்டோ என்ற கம்பளி வியாபாரியின் உதாரணத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அதை எழுதவில்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் உள்ள அட்லஸில் பார்த்தேன். ஃப்ளோரன்ஸ் நகரம் கடற்கரையில் இல்லை. ஆற்றங்கரையில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூர்க் கடல் எவ்வளவு தூரமோ அதைவிட அதிக தூரம். எனவே அங்கே துறைமுகம் இருக்க முடியாது, மூன்று கப்பல் நிற்கவும் முடியாது. நூலகத்தில் உள்ள வேறு ஐந்து புத்தகங்களில் தேடினேன். அந்த வியாபாரி ஒன்றிலும் இல்லை. இந்தக் கதையை யாரோ உண்டாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உண்டாக்கியவர் வரைபடம் பார்க்கவில்லை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மண்டபத்தில் எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எண்பது சிவப்புப் பேனா, யாரும் நிமிரவில்லை. உண்டாக்கியவர் வரைபடம் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தார். அன்றைக்குப் பார்க்கவில்லை, பிறகு பார்த்தார். வேலை நிரந்தரமான முதல் வருஷம் கரும்பலகையில் இத்தாலியைப் பூட்ஸ் மாதிரி வரைந்து, ஃப்ளோரன்ஸுக்குப் புள்ளி வைக்கக் கையைக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, புள்ளி உள்ளே இருக்கிறது, கடல் வெளியே இருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் மடியில் கைடு. சாக்பீஸ் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு விரற்கடை தள்ளி, கரையோரமாக வைத்தார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். பழகப் பழகக் கை தானாகவே அங்கே போனது. இருபத்தைந்து வருஷமாக அவர் வகுப்பில் ஃப்ளோரன்ஸ் கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு ஊரையே தூக்கிக் கடற்கரையில் வைத்திருக்கிறார், ஒரு பத்திக்காக. அந்த வகுப்புகளில் படித்துப் போனவர்களில் எத்தனை பேர் வாத்தியார் ஆனார்கள், அவர்கள் எங்கெங்கே புள்ளி வைத்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்தார்கள் என்று பிள்ளை எழுதியிருந்தது. அதற்கு முன்னாலும் அறுத்தார்கள். பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பழைய நூலை வாசிப்பார், கீழே நாவிதன் அறுத்துக் காட்டுவான், மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். நூலில் இருப்பது உடம்பில் இருக்காது. பேராசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிவந்து பார்த்ததில்லை. நாற்றம் நாவிதனுக்கு, நூல் அவருக்கு. அப்படியே இருநூறு வருஷத்துக்கு மேல். அத்தனை வருஷமும் அவருக்குச் சம்பளம் வந்திருக்கும், பதவி உயர்வு வந்திருக்கும். கடைசியில் யாரோ ஒருவன் இறங்கிவந்து கையை உள்ளே விட்டுப் பார்த்து, இல்லையே என்றான். அந்த இல்லையே-தான் மறுமலர்ச்சி. சூரியனும் இல்லை கீழ்வானமும் இல்லை. இதை அவர் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை, தேர்வில் வராது. இப்போது அது தேர்வில் வந்திருக்கிறது. விடைக்குறிப்பில் இல்லை.

கூட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு. எழுபத்தைந்துக்கு முப்பது எடுத்தால் தேர்ச்சி. மறுபடி கூட்டினார். கூட்டல் தப்பாக இருக்கக் கூடாதா என்று இருந்தது, ஆனால் அவர் கூட்டல் தப்பாது. வியாபாரிக்குரிய இரண்டு போட்டால் முப்பது. போட முடியாது, பெர்னார்டோ இல்லை, கப்பல் இல்லை, இல்லை என்பதை நிரூபித்ததற்கு மார்க் இல்லை. கோட்டில் நிற்கிற தாளை எல்லாம் தலைமைத் தேர்வாளர் பார்ப்பார், சும்மா போட்டுவிட்டுப் போகவும் முடியாது. போய்ச் சொல்ல வேண்டும். என்ன சொல்ல. மேடம், இந்தப் பிள்ளை சொல்வது சரி. எப்படித் தெரியும் சார்? தெரியும், ஏனென்றால். ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிறது. யாரும் தூக்கில் போட மாட்டார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஞானதிரவியம் சாகிற வரைக்கும் சிரிப்பார், ஒவ்வொரு முகாமிலும், எச்சில் கட்டின வாயோடு, என்னவே கப்பல்காரரே என்று. இருபத்தெட்டில் விட்டுவிட்டால் என்ன. அந்தப் பிள்ளை நவம்பரில் மறுபடி எழுதும். அந்த முறை கப்பல் எழுதும். அதுதான். அந்தச் சாய்ந்த கையெழுத்து, ஃப்ளோரன்ஸ் துறைமுகத்தில் கம்பளி ஏற்றி நின்ற, என்று எழுதிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது, இம்முறை வேகமாக, மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டுப் பேனாவை மூடுவது தெரிந்தது. சிவசைலம் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தலைமைத் தேர்வாளர் ஆவுடையம்மாள் மேடையில் தனி மேஜையில் இருந்தார். சிவசைலத்தைவிடப் பத்து வயது சின்னவர், துறைத் தலைவர், விடைக்குறிப்பு அவர் தயாரித்தது. மேடைக்கு மூன்று படி. ஏறும்போது முழங்கால் சொடுக்கிட்டது. ஆவுடையம்மாள் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாய்க்குள் ஓமத்தை மென்றுகொண்டே வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார். சிரித்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளைதான் சார். ஆனா பரீட்சையிலயா வந்து இதைச் செய்யணும்?"

"சொல்றது சரிதானே மேடம்."

"சரிதான். நானும் பாத்தேன், கீ போடையில. அங்க எங்க கடல் இருக்கு." அவர் தாளை மேஜையில் வைத்து உள்ளங்கையால் தடவினார். "என்ன செய்யச் சொல்லுதீங்க? நூத்துக்குத் தொண்ணூறு பிள்ளை அதை எழுதியிருக்கு. தப்புன்னு எடுத்துட்டேன்னா எல்லாருக்கும் ரெண்டு போயிரும். எத்தனை பிள்ளை ஃபெயிலாகும், கணக்குப் பாருங்க. அவங்கல்லாம் யாரை நம்பிப் படிச்சாங்க? நம்மளைத்தானே?"

சிவசைலத்தின் நாக்கு நாரைத் தேடிப் போனது.

"எனக்கு அந்தக் கதை பிடிக்கும் சார்" என்றார் ஆவுடையம்மாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "உள்ளதைச் சொல்லுதேனே. பி.ஏ. படிக்கையில எங்க அக்கா வச்சிருந்த கைடு. ஒரு பொஸ்தகத்துக்காக மூணு கப்பலை வித்தான்னு படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. எம்.ஏ.வுக்கு எங்கப்பா எகனாமிக்ஸ் எடுக்கச் சொன்னாரு, நான் ஹிஸ்டரிதான்னுட்டேன்." ஓமத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லுதேன், சிரிப்பீங்க. அந்தப் பேரு இருக்குல்லா, பெர்னார்டோ. அது நான் வச்சது."

சிவசைலம் அவரைப் பார்த்தார்.

"வேலைக்குச் சேந்த வருஷம். ஒரு பய எந்திரிச்சு, மேடம் அந்த வியாபாரி பேரு என்னன்னு கேட்டுட்டான். கைடுல பேரு கிடையாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. புதுசு பாருங்க. பெர்னார்டோன்னுட்டேன். எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா இன்னைக்கும் சொல்லத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா கைடுல அச்சாகி வந்திருக்கு. எந்தப் பிள்ளை கொண்டுபோய்க் குடுத்துச்சோ." அவர் தோள் குலுங்கச் சிரித்தார், ஓம வாசனை அடித்தது. "பேரு வச்சவ நான். கதையைக் கட்டுனவன் எவனோ. வயித்துப்பாட்டுக்கு எழுதினவனா இருக்கும், பாவம். செத்துக்கூடப் போயிருப்பான்."

இப்போது சொல்லியிருக்கலாம். கதவை அவரே திறந்து, உள்ளே விளக்கும் போட்டு, நாற்காலியும் இழுத்துப் போட்டிருந்தார். நான்தான் மேடம். இரண்டே எழுத்தில் முடிகிற நான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கலாம், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி அந்த வியாபாரியை அடுத்த வருஷத்திலிருந்தாவது அடக்கம் பண்ணியிருக்கலாம். சிவசைலம் வாயைத் திறந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம், சோறு இறங்காத அந்த ராத்திரி இன்னமும் அதில் எங்கேயோ இருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்று பட்டது. அப்படிப் பட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும், அதுவும் பொய் என்று உடனே தெரிந்தது. செத்துப்போயிருப்பான் என்று அவர் சொன்னபோது உள்ளுக்குள் ஒன்று லேசானதே, அதுதான் காரணம். செத்துப்போனவனாக இருப்பது சௌகரியமாக இருந்தது. ஒரு நொடிதான், வெந்நீரில் கால் வைத்த மாதிரி இதமாக.

"இருக்கும்" என்றார்.

"சரி, இந்தப் பிள்ளை பாவம், ஃபெயிலாக வேண்டாம்" என்று ஆவுடையம்மாள் தாளைப் புரட்டினார். "இந்தா, இந்தக் கண்டுபிடிப்புக் கேள்வியில ஒண்ணு போட்டிருக்கீங்க. மூணு ஆக்கிருங்க. முப்பது வந்துரும். இந்தக் கப்பல் பத்தியில மட்டும் மார்க் எதுவும் போட்டுராதீங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை பேப்பர் நகல் வாங்கிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போச்சுன்னா, கீ தப்புன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"நாலு வரிதான் எழுதியிருக்கு மேடம். அதுக்கு மூணா?"

"நல்ல நாலு வரின்னு வச்சுக்கிடுங்க."

மூன்று படி இறங்கினார். இறங்கும்போது முழங்கால் சொடுக்கிடவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து, கண்டுபிடிப்புகளுக்குப் போட்டிருந்த ஒன்றை அடித்து மூன்று போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மணி அடித்துத் தாளைப் பிடுங்கிய இடத்தில், பாதியில் நின்ற வாக்கியத்துக்கு நேராக, மூன்று. பிறகு பதினேழுக்குத் திரும்பிப் போனார். ஒவ்வொரு பத்திக்கும் நேராக ஏதாவது ஓர் எண் இருக்க வேண்டும், வெறுமையாக விட்டால் சரிபார்க்கிறவர்கள் திருப்பி அனுப்புவார்கள், வெள்ளையாக விட்டால் முதலாளி கத்துவார். உண்டாக்கியவர் வரைபடம் பார்க்கவில்லை. அதற்கு நேராக ஓரத்தில் பூஜ்யம் போட்டார். வட்டம் சரியாகச் சேரவில்லை, மறுபடி அதன் மேலேயே சுழித்தார், அழுத்தமாக விழுந்துவிட்டது. நகல் வாங்கினால் அந்தப் பிள்ளை பார்க்கும். தேர்ச்சி பெற்றவர்கள் நகல் வாங்குவதில்லை. ஆனால் இது வாங்கும், அட்லஸ் எடுத்துப் பார்த்த பிள்ளை, ஐந்து புத்தகம் தேடிய பிள்ளை, இது வாங்கத்தான் செய்யும். வாங்கி, பூஜ்யத்தைப் பார்த்து, எழுதாத விடைக்கு மூன்று இருப்பதைப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்கும். இரண்டு பிழை, ஒரே கை. பின்னால் நடந்து நடந்து எதுவரைக்கும் வரும்? சுருக்கொப்பம் வரைக்கும். அதற்குமேல் வழி இல்லை. சுருக்கொப்பத்தில் பெயரின் முதல் எழுத்துகூடப் புரியாது, புரியாதபடி போடத்தான் அவர் பழகியிருந்தார்.

"என்னவாம்?" என்றார் ஞானதிரவியம், தாளிலிருந்து நிமிராமல்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு மார்க்."

"ரெண்டு மார்க்குக்கா மேடை வரைக்கும் போனேரு. கொடுத்தாளா?"

"கொடுத்தாங்க."

"கொடுப்பா. நல்ல மனுஷி." எச்சில் பெருவிரல் ஒரு தாளைத் திருப்பியது. "கப்பல் எழுதியிருக்கா அதுல?"

"இல்ல" என்றார் சிவசைலம். "கப்பல் இல்ல."

"அதான் மாட்டிக்கிட்டு."

பன்னிரண்டாவது தாளை மற்ற பதினொன்றின் மேல் வைத்து ஓரங்களைத் தட்டி ஒழுங்குபண்ணினார். நாக்கு வழக்கம்போல் கடைவாய்க்குப் போய்த் தேடியது. நார் அங்கே இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை, மேடையிலேயே விழுங்கியிருக்க வேண்டும். பதின்மூன்றாவது தாளைப் பிரித்தார். மறுமலர்ச்சி என்றால் மீண்டும் பிறத்தல் என்று பொருள். வியர்வையில் ஊறிய தாள், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, நகத்தால் பிரித்துப் பார்த்தார், வரவில்லை. கிண்ணத்தில் ரோஸ் நிறத் தண்ணீர் அசையாமல் இருந்தது. பெருவிரலை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். லேசாக உப்புக் கரித்தது. இதில் முப்பது கப்பல்கள் நின்றன. டிக் அடித்து, ஓரத்தில் இரண்டு போட்டார்.